வெள்ளைக் காரில் வந்த மாப்பிள்ளை வீட்டார்

எங்கள் வரிசையில் பகல் நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள் இரண்டே பேர். ஒருவர் எதிர்வீட்டு அக்கா, ஊருக்கு உபயோகமானவர். இன்னொருவன் நான்.

மலேசியாவில், ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் சுண்ணாம்பு மலைக்குக் கீழே இருக்கிறது எங்கள் வீட்டு வரிசை. விடிந்ததும் மற்றவர்கள் மோட்டார் சைக்கிளிலும் காரிலும் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள், என் மனைவி உட்பட. நான் மேசையில் உட்கார்ந்து, சலவை இயந்திரத்தோடு வரும் கையேடுகளையும் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் சீட்டுகளையும் தமிழில் பெயர்ப்பேன். யாரும் படிக்கப்போவதில்லை என்று தெரிந்தே எழுத ஒரு மனப்பக்குவம் வேண்டும். ஞாயிறு பத்திரிகைக்குக் கட்டுரை எழுதி அந்தப் பக்குவத்தை நான் முன்பே அடைந்திருந்தேன்.

அக்காவின் கதை வேறு. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். தோட்டம் விற்கப்பட்டு, மரங்கள் சாய்ந்து, லாரி ஓட்டிய கணவரும் போய்ச் சேர்ந்த பிறகு, ஒரே மகளோடு இங்கே வந்தார். லயத்தில் யார் வீட்டுக்கு என்ன வந்தாலும் வீட்டில் இருக்கிறவர் வாங்கி வைப்பார். அந்தப் பழக்கத்தை அக்கா இங்கேயும் கொண்டுவந்துவிட்டார். கைப்பேசியில் பொருள் வாங்கும் காலம் வந்ததும் அது ஒரு பெரிய இலாகாவாகவே வளர்ந்துவிட்டது. வரிசை முழுவதற்கும் வரும் பார்சல்கள் அக்கா வீட்டுக் கூடத்தில்தான் இறங்கும். குழந்தை டயப்பர், மீன் தொட்டி, யாரோ ஒருவர் மூன்று நாள் மட்டும் ஓடி நிறுத்திய ஓட்டப்பயிற்சி இயந்திரம் எல்லாம் அந்தக் கூடத்தைத் தாண்டித்தான் வந்தன. இதற்கு அவர் காசு வாங்குவதில்லை. என்ன சாமான், யார் அனுப்பியது, என்ன விலை என்ற மூன்று கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு போகலாம்.

ஒரு நாள் மூலை வீட்டுக்கு வந்த பார்சலைப் பற்றி அன்றைக்கு எங்களுக்குத் தெரியாததை இப்போதே சொல்லிவிடுகிறேன். அது எல்லைக்கு அந்தப் பக்கம், ஹாட்யாயிலிருந்து வந்தது. மேலுக்கு அது கால் பிடித்துவிடும் இயந்திரம். உள்ளே இருந்தவை போதை மாத்திரைகள். தாய்லாந்து அதிகாரிகள் அதை அங்கேயே கண்டுபிடித்துவிட்டார்கள். பிடித்து வைத்துக்கொள்ளாமல் ஈப்போ போலிசுக்குச் சொன்னார்கள். மாத்திரைகளை எடுத்துவிட்டு அதே எடைக்கு வேறு எதையோ வைத்து, பெட்டியைத் தன் போக்கில் போகவிட்டு, யார் கையில் போய்ச் சேர்கிறது என்று பார்ப்பது திட்டம். அதே நேரத்தில் அந்தப் பக்கம் அனுப்பியவனைப் பிடிப்பது. வாங்கி வைத்துக்கொள்கிறவர்தான் குற்றவாளி. இந்த நாட்டில் அந்தக் குற்றத்துக்குச் சிறையும் உண்டு, கயிறும் உண்டு. இரண்டு நாட்டு அதிகாரிகளும் பல நாள் பேசிப் போட்ட அந்தத் திட்டத்தில் எல்லாம் இருந்தது. எதிர்வீட்டு அக்கா மட்டும் இல்லை.

பெட்டியில் இருந்தது மூலை வீட்டு முகவரி. அங்கே சில மாதங்களாக ஓர் இளைஞன் தனியாகக் குடியிருந்தான். பணிவான பிள்ளை. டுரியான் காலத்தில் வரிசைக்கே பழம் கொடுத்தான். என் ஞாயிறு கட்டுரைகளைத் தவறாமல் படிப்பதாகச் சொன்ன ஒரே வாசகன். அதற்கு மேல் ஒருவனின் நற்குணத்துக்கு என்ன சான்று வேண்டும்?

பார்சல் கொண்டுவந்தவன் மூலை வீட்டுக் கேட்டை ஆட்டிக்கொண்டிருந்ததை என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். காலில் பளபளவென்று பாலிஷ் போட்ட கறுப்புச் சப்பாத்து. பட்டம் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் இப்படி அலைகிறான் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்தேன். முப்பது வருடமாகத் துப்பறியும் கதைகள் படித்து நான் கூர்தீட்டிய மூளை அவ்வளவுதான் சொன்னது.

"தம்பி, அங்க யாரும் இல்ல. இங்க கொண்டா" என்று அக்கா குரல் கொடுத்தார்.

"இல்லக்கா, பேரு போட்டவருகிட்டதான் குடுக்கணும்."

"வேலைக்குப் புதுசா?"

"ஆமாக்கா."

"அதான். எப்பவும் வர்ற ஆளு கேட்டுக்கு மேலயே தூக்கிப் போட்டுட்டுப் போயிருவான். நீ என்னா, பொண்ணு குடுக்கற மாதிரி யோசிக்கிற? கொண்டா இங்க."

அவன் தெருக்கோடியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். அங்கே சாக்கடை ஓரத்து மாமரத்தடியில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. அக்கா அவன் கையிலிருந்த கருவியை வாங்கி விரலால் ஒரு கோடு இழுத்துக் கையெழுத்துப் போட்டார். பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவன் கொஞ்ச நேரம் வெறுங்கையோடு நின்றுவிட்டு, வந்த வண்டியையே மறந்து, காரைப் பார்த்து நடந்து போனான். அதுவும் எனக்கு வித்தியாசமாகத் தோன்றவில்லை.

அக்கா மறுபடி வெளியே வந்தபோது புடவை மாற்றியிருந்தார். நேராக என் வாசலுக்கு வந்தார்.

"அந்தக் காடிய பாத்தீங்களா தம்பி? காலைலருந்து நிக்கிது. உள்ளாற ரெண்டு பேரு."

"யாராச்சும் வீடு பாக்க வந்திருப்பாங்கக்கா."

"வீடு பாக்க வந்தவன் எல்லா வீட்டையும்தானே பாப்பான்? இவங்க என் வாசலையே பாக்கறாங்க. தைப்பிங்காரவங்க."

எனக்குப் புரிந்துவிட்டது. அக்காவின் மகளுக்கு முப்பத்து நான்கு. காம்பாரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. தைப்பிங்கிலிருந்து ஒரு வரன் பேச்சு வந்திருந்தது. நம் ஆட்கள் முறையாகப் பெண் பார்க்க வருவதற்கு முன்னால் திருட்டுத்தனமாக ஒரு தடவை வருவார்கள். தெரு எப்படி, குடும்பம் எப்படி, பெண் எந்த நேரத்தில் வீடு திரும்புகிறாள் என்று பெட்டிக்கடையிலும் பக்கத்து வீட்டிலும் விசாரிப்பார்கள். ஒளிந்திருந்து பார்க்க வந்தவர்களைக் கண்டுகொண்டதாகக் காட்டாமல் நன்றாகக் கவனித்து அனுப்புவது பெண் வீட்டாரின் திறமை.

"வடை சுட்டுட்டேன். நீங்களும் கூட வாங்க. படிச்சவரு, நாலு வார்த்த பேசுங்க. எனக்குப் பேச வராது."

அக்காவுக்குப் பேச வராது என்று அக்காவே சொல்லித்தான் எனக்குத் தெரியும். தேநீர் பிளாஸ்க்கை நான் தூக்கிக்கொண்டேன்.

காரில் ஓட்டுநர் இருக்கையில் இருந்தவர் நம்மவர். கனத்த மீசை, வியர்த்த கழுத்து. பக்கத்தில் இருந்தவர் வெள்ளை வெளேரென்று, சிறிய கண்களோடு, சிரித்த முகமாக இருந்தார். கண்ணாடி இறங்கியது.

"வெயில்ல ஏன் உக்காந்துருக்கீங்க? பசியாறுங்க" என்று அக்கா தட்டை உள்ளே நீட்டினார்.

"இல்லம்மா, நாங்க சும்மா ஒரு கூட்டாளிக்காக நிக்கிறோம்."

"தெரியும் தெரியும். நான் ஒண்ணும் கேக்கலலா. சாப்புடுங்க."

பிறகு அக்கா அந்தப் பக்கம் சுற்றிப் போய், சிரித்த முகக்காரரிடம் முழுக்கத் தமிழிலேயே ஆரம்பித்தார். தெருவில் தண்ணீர் ஏறாது, மகள் ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை, சமையல் சுமார்தான், பொய் சொல்ல மாட்டேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அக்கா என்னிடம் திரும்பி, காதில் என்று அவர் நினைத்துக்கொண்ட சத்தத்தில் சொன்னார்:

"சீனப் புள்ளைய எடுத்து வளத்துருக்காங்க. எல்லாரும் பொம்பளப் புள்ளையதான் எடுப்பாங்க. இவங்க ஆம்பளப் புள்ளைய எடுத்துருக்காங்க பாருங்க. பெரிய மனசு. நல்ல குடும்பம்தான்."

இந்த நாட்டில் தமிழர் சீனப் பிள்ளையை எடுத்து வளர்ப்பதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. என் அத்தை ஒருத்தியே அப்படி வந்தவள்தான். மாரியம்மன் தாலாட்டு அவளுக்கு முழுதும் மனப்பாடம். எனவே, பெட்டியின் பின்னாலேயே வந்திருந்த தாய்லாந்து அதிகாரியான அவரை நானும் தைப்பிங் தமிழர் என்றே எடுத்துக்கொண்டு, பெண்ணின் குணநலன்களைப் பற்றி ஒரு சிற்றுரை ஆற்றினேன். 'நற்பண்பின் உறைவிடம்' என்ற தொடரைப் பயன்படுத்தியதாக நினைவு. அவர் மூன்றாவது வடையைக் கடித்தபடி என்னைக் கனிவோடு பார்த்தார். என் உரை ஒன்றை அவ்வளவு கவனமாகக் கேட்டவர் அவருக்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

மீசைக்காரர் போதைப்பொருள் பிரிவில் சார்ஜன். கும்பல் தங்களை நோட்டம் பார்க்க ஆள் அனுப்பியிருக்கிறது என்றும், நான்தான் அதன் தலைவனோ என்றும் அப்போது சந்தேகப்பட்டதாகப் பிறகு என்னிடம் சொன்னார். என்னைத் தலைவன் என்று ஒருவர் சந்தேகித்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. மனைவியிடம் அதை இரண்டு முறை சொன்னேன்.

அப்போது அக்காவின் கைப்பேசி அடித்தது. மூலை வீட்டுப் பையன். அக்கா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டு, போனை முகத்துக்கு முன்னால் பிடித்துத்தான் பேசுவார்.

"அக்கா, எனக்கு ஏதாச்சும் வந்துச்சா?"

"வந்துருக்கு தம்பி. கனமா இருக்கு. என்ன சாமான்?"

"கால் பிடிக்கிற மெஷினுக்கா. அம்மாவுக்கு. இப்ப வந்து எடுத்துக்கறேன்."

காருக்குள் சார்ஜனின் கையிலிருந்த வடை பாதி வழியில் நின்றது. அவர்கள் காலையிலிருந்து காத்திருந்தது இந்த ஒரு வாக்கியத்துக்காக. பையன் அக்கா வீட்டு வாசலுக்கு வந்து, பெட்டியைத் தன் கையால் வாங்கினால், அந்த நிமிடமே வேலை முடிந்தது.

"வேணாம் வேணாம்" என்றார் அக்கா. "இன்னைக்கு என் வீட்டுப் பக்கம் வராத."

"ஏன்க்கா?"

"ஆளுங்க வந்திருக்காங்க. பாத்துக்கிட்டு இருக்காங்க. பொட்டப் புள்ள இருக்கற வீடு. நீ வந்து நின்னா நல்லா இருக்காது. நானே குடுத்து விடறேன்."

போனை வைத்துவிட்டு, நல்லொழுக்கத்தைக் காட்டிவிட்ட திருப்தியோடு காரைப் பார்த்தார். சார்ஜனின் முகம் எப்படி இருந்தது என்று சொல்ல எனக்கு மொழி போதாது. கையெழுத்துப் போட்டுப் பார்சலை வாங்கியவர், உரியவனை வரவிடாமல் தடுத்து, 'ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்' என்று எச்சரிக்கையும் கொடுத்திருக்கிறார். காகிதத்தில் எழுதிப் பார்த்தால் எங்கள் அக்காதான் கும்பலின் மூளை.

அக்கா உள்ளே போய்ப் பெட்டியைத் தூக்கிவந்து காரின் முன்பக்கத்தில் வைத்தார்.

"நீங்க போற வழிதானே. அந்த மூல வீட்ல இத குடுத்துட்டுப் போயிருங்களேன்."

சார்ஜன் பெட்டியைப் பார்த்தார். தொடவும் முடியாது, தொடாமலும் இருக்க முடியாது. தாய்லாந்துக்காரர் மெல்லச் சிரிப்பதை நிறுத்தினார்.

"எங்களுக்கு அந்தத் தம்பிய பழக்கம் இல்லையேம்மா" என்றார் சார்ஜன்.

"அதுவும் சரிதான். முன்னபின்ன தெரியாதவங்க. தம்பி, நீங்க தூக்குங்க."

தூக்கினேன். கனமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் பையனின் மோட்டார் சைக்கிள் மூலை வீட்டுக்குள் நுழைந்தது. நான் தெருவைக் கடந்து அவன் கேட்டுக்குப் போனேன். பெட்டியை வாங்கிக்கொண்டே, போன ஞாயிறு எழுதியது பிரமாதம் அண்ணே என்றான். போன ஞாயிறு பத்திரிகையில் என் கட்டுரை வரவில்லை. அதை அவனிடம் எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்குள், எங்கிருந்தோ ஆறேழு பேர் ஓடிவந்தார்கள். பாலிஷ் சப்பாத்துக்காரன் முதலில் வந்தான். எனக்கும் ஒருவர் கை கிடைத்தது, அது என் தோளைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து வைத்தது.

பையன் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"இது என்னுது இல்ல சார். எதிர்ல இருக்கற அக்காவோடது. அவங்கதான் கையெழுத்துப் போட்டாங்க. என்னைய வச்சிருக்கச் சொல்லி இவருகிட்ட குடுத்து விட்டாங்க. கேட்டுப் பாருங்க."

அக்கா தெருவின் நடுவில் நின்று அதைக் கேட்டார். கையில் காலி வடைத்தட்டு.

எங்கள் மூவரையும் போலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். பையனை உள்ளே எங்கோ கூட்டிப்போனார்கள். இன்ஸ்பெக்டர் ஒரு மலாய்க்காரப் பெண்மணி. குரலை உயர்த்தாதவர். அதுதான் பயமாக இருந்தது. கருவியில் அக்கா போட்ட கையெழுத்தைத் திருப்பிக் காட்டினார். இது உங்களுடையதா? ஆமாம். பெட்டியை வீட்டுக்குள் வைத்திருந்தீர்களா? ஆமாம். அவன் வரக்கூடாது என்று சொன்னீர்களா? ஆமாம். அக்கா எல்லாவற்றுக்கும் உண்மையைச் சொன்னார். ஒவ்வொரு உண்மையும் கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றியது. இப்படியே போனால் இன்று இரவு அக்காவுக்கு லாக்கப்தான் என்று எனக்கே தெரிந்தது. இடையில் நான் புகுந்து லயத்து வாழ்க்கையின் கூட்டுறவுப் பண்பாடு பற்றி மலாயில் விளக்க முயன்றேன். இன்ஸ்பெக்டர் என்னை உட்காரச் சொன்னார். நான் உட்கார்ந்துதான் இருந்தேன்.

சார்ஜன் முன்னால் வந்தார்.

"மேடம், இந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. பார்சலக் கொண்டாந்து எங்க காடி மேலயே வச்சாங்க. எங்களையே குடுக்கச் சொன்னாங்க."

"சார்ஜன், நீங்க எத்தனை வடை சாப்பிட்டீங்க?"

சார்ஜன் பின்னால் போனார்.

அப்போது தாய்லாந்து அதிகாரி ஆங்கிலத்தில், ஒரு நிமிடம் தாருங்கள் என்று கேட்டுக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் போனில் பேசுவது தெரிந்தது. பகலில் ஹாட்யாயில் அனுப்பியவனைப் பிடித்திருந்தார்கள். அவனிடம் ஒரே ஒரு விஷயத்தைக் கேட்கச் சொல்லிவிட்டு, போனைக் காதிலேயே வைத்தபடி அவர் காத்திருந்தார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அறுபது வருடத்தில் மற்றவர்களுக்காக எத்தனையோ கதவைத் தட்டியவர், அன்று ஒருவர் தனக்காகத் தட்டுவதைப் பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

தாய்லாந்து அதிகாரி திரும்பி வந்து இன்ஸ்பெக்டரிடம் தாழ்ந்த குரலில் பேசினார். இன்ஸ்பெக்டர் இரண்டு முறை குறுக்கே கேட்டார். அவர் இரண்டுக்கும் பதில் சொன்னார். அதற்குப் பிறகும் சில போன்கள் போயின, சில வந்தன. இரண்டு நாடு சேர்ந்து ஒருவரைப் பிடிப்பதைவிட இரண்டு நாடு சேர்ந்து ஒருவரை விடுவதற்குக் கூடுதல் நேரம் ஆகும் போலிருக்கிறது. கடைசியில் சார்ஜன் அக்காவின் அருகில் வந்து குனிந்தார்.

"அக்கா, அங்க மாட்டுனவன் சொல்லிட்டான். வாங்கறது அந்தப் பையன்தான். பொம்பள யாரும் இதுல இல்ல."

"என்னைய தெரியாதுன்னு சொல்லிட்டானா?"

சார்ஜன் கொஞ்சம் தயங்கினார். "உங்கள பத்திச் சொன்னான்க்கா. எதிர்ல ஒரு அம்மா எல்லாருக்கும் பார்சல் வாங்கி வைக்கும்னு பையன் சொல்லியிருக்கான். அத பாத்துட்டுதான் அந்த வீட்ட வாடகைக்கே எடுத்துருக்கான்."

அக்கா கைப்பையின் வாரைச் சரிசெய்தார்.

வாக்குமூலம் எழுதி முடிந்து நாங்கள் வெளியே வந்தபோது தாய்லாந்து அதிகாரி வாசலில் நின்றார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மாவ கேட்டதா சொல்லுங்க. நல்லா வளத்துருக்காங்க."

"அக்கா, அவரு தாய்லாந்துக்காரரு" என்றேன். "தமிழ் தெரியாது. மாப்பிள்ளை வீடும் இல்ல."

"யாரா இருந்தா என்ன? ஒரு அம்மா இருப்பாங்கதானே?"

சார்ஜன் ஆங்கிலத்தில் அதைச் சொன்னார். தாய்லாந்துக்காரர் இரண்டு கையையும் கூப்பினார். அந்த ஒன்றை மட்டும் யாரும் யாருக்கும் பெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

என் மனைவி காரோடு வந்து காத்திருந்தாள். அக்கா பின்னால் உட்கார்ந்தார். இரண்டு சமிக்ஞை விளக்குகளைத் தாண்டினோம்.

"காய்ச்சல்னு படுத்துருந்தான்" என்றார் திடீரென்று. "ரசம் வச்சிக் குடுத்தேன். மூணு நாளு."

"அவன் சும்மா விடமாட்டாங்க அக்கா" என்றேன் கோபமாக. கோபத்தில் என் தமிழ் இலக்கணம் தவறியதை நானே கவனித்தேன்.

"உள்ளாற அவனுக்கு சாப்பாடு குடுப்பாங்களா?"

என் மனைவி கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். பேசாதே என்று அர்த்தம். அந்த ஒரு பார்வையை மட்டும் நான் பிழையில்லாமல் பெயர்ப்பேன்.

ஒரு சாலையோரக் கடை வந்தபோது அக்கா காரை நிறுத்தச் சொன்னார். இறங்கி, உட்காராமல், நின்றபடியே பால் விடாத ஒரு தே ஓ வாங்கி, ஆறக்கூட விடாமல் குடித்தார்.

"அங்கயே தண்ணி குடுத்தாங்களேக்கா" என்றாள் மனைவி.

"குடிக்கலலா. அவங்க குடுத்தத வாங்கிக் குடிச்சா, அவங்க சொன்னத ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமோன்னு நெனச்சேன்."

மத்தியானத்திலிருந்து அவர் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கடைக்காரரிடம் குவளையை நீட்டினார்.

"இன்னொண்ணு போடுங்க அண்ணே. சீனி கொறைக்காதீங்க."